கேள்வி கேட்கும் மருத்துவமனை

 

சில வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை. பெண்கள் பயான் முடிந்து, வந்திருந்தோர் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராய்க் கலைந்துவிட்டனர். ஒரு மாமி மட்டும் படியருகே நின்றுகொண்டிருந்தார். கையில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது, உதடு அசையவில்லை. நான் விளக்கை அணைக்கச் சென்றபோது அருகில் வந்தார்.

"ஆலிமா, ஒரு மஸ்அலா கேக்கணும். எனக்கில்லை, மருமகளுக்கு."

செய்தி இதுதான். மருமகளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் அறுவைப் பேறு. கடைசிப் பிள்ளைக்கு ஐந்து மாதமே ஆகிறது, இன்னும் பால்குடி. மகன் விடுமுறையில் வந்து துபாய்க்குத் திரும்பி ஒன்றரை மாதம். இப்போது மீண்டும் நாள் தள்ளிப் போயிருக்கிறது. எட்டு வாரம் இருக்கலாம் என்பது இவர்களுடைய கணக்கு. அந்தப் பெண் எழுந்து நின்றால் கண் இருள்கிறதாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

"எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிடும் ஆலிமா. பஜார்ல மருந்துக் கடைக்கு மேல ஒரு ரூமு இருக்காம். முன்னால நர்ஸ் வேலை பார்த்த பொம்பளையாம். ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவாளாம். பேரு, ஊரு, ஒண்ணும் கேக்க மாட்டாளாம். நீங்க கூடும், கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டா போதும்."

'ஒன்றும் கேட்க மாட்டாள்' என்பதை அந்த மாமி ஒரு சிறப்பாகவே சொன்னார். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தச் சொல்லே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. மார்க்கம் கூடும் என்கிறதா, கூடாது என்கிறதா என்று தெரிந்துகொள்ள இரவு நேரத்தில் படியேறி வந்த அதே பெண்மணி, அந்தக் காரியம் நடக்கும் இடம் எத்தகையது, செய்கிற கை எத்தகையது என்று கேட்க நினைக்கவில்லை. இம்மாதப் பக்கம் அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

மஸ்அலாவை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் முஃப்தி அல்லேன்; இந்தப் பக்கம் ஃபத்வாப் பக்கமும் அன்று. கருவுக்கு ரூஹு ஊதப்படும் காலத்தை, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள ஹதீஸின் அடிப்படையில் 120 நாள் என்று நம் இமாம்கள் கணக்கிட்டுள்ளனர். அதற்குப் பின் கலைப்பது ஹராம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தாயின் உயிருக்கே உறுதியான ஆபத்து என்னும் நிலையை மட்டும் இக்கால ஃபிக்ஹு சபைகள் விதிவிலக்காக்கியுள்ளன. அதற்கு முந்திய நாட்களைப் பற்றித்தான் இமாம்கள் பலவாறு கூறினர். தக்க காரணம் இருப்பின் ஹனஃபி அறிஞர் பலர் இடமளித்தனர். மாலிக்கி மத்ஹபு மிகக் கண்டிப்பானது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபினுள்ளேயே இமாம் கஸ்ஸாலி அவர்கள் கரு தரித்தது முதலே அதனை அழிப்பதைக் குற்றமாகக் கண்டார்கள். வேறு சிலர் அவ்வாறு கூறவில்லை. மக்காவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹு சபை 1990ஆம் ஆண்டில், கருவில் கடுமையான ஊனம் இருப்பதாக நிபுணர் குழு உறுதிசெய்தால் 120 நாளுக்குள் இடமுண்டு என்று முடிவுசெய்தது. ஆகவே இது, மருத்துவரின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்கவேண்டிய மஸ்அலா. மருத்துவரின் சீட்டே இல்லாமல் ஆலிமிடம் வந்தால் அவர் எதைக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்?

ஆனால் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லாத ஒரு செய்தி இதில் உண்டு. மருத்துவம் அறியாதவராக இருந்துகொண்டு ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் சேதம் விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இதிலிருந்தே ஃபுகஹாக்கள் மருத்துவரின் பொறுப்பு என்னும் தனிப் பாடத்தை வகுத்தனர்.

வகுத்ததோடு அவர்கள் நிற்கவுமில்லை. கல்லூரியில் வரலாறு படித்த பழக்கம் என்னை விடுவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் எடையையும் அளவையும் சோதித்துவந்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்கு மருத்துவரையும் சோதிக்கும் கடமை இருந்தது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ என்பவர் அந்த அதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில் மருத்துவருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியைப் பார்த்த மருத்துவர் என்ன கண்டார், என்ன கொடுத்தார் என்பதை எழுதி, சாட்சிகளின் முன் வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அச்சீட்டுகளைத் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவர். பிழை மருத்துவருடையது என்று அவர் கண்டால், மருத்துவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அதே அத்தியாயத்தில், கருவைக் கலைக்கும் மருந்தைப் பெண்களுக்குச் சொல்லமாட்டேன் என்று மருத்துவர்களிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது. அக்காலச் சமூகம் அந்தச் செயலை அவ்வளவு கடுமையாக நோக்கியது. எனினும் மருத்துவன் எழுதித் தரவேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்னும் முறை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நமக்கு அறிமுகமானது. மருந்துக் கடை மாடியில் யாரும் எதுவும் எழுதித் தரப் போவதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றம் என்று எழுதி வைத்ததனால் செயல் நின்றுவிடவில்லை, ஒளிந்துகொண்டது. ஒளிந்த இடங்களில் பெண்கள் இறந்தனர். அதைக் கண்டுதான் நடுவண் அரசு 1964ஆம் ஆண்டில் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966இல் அக்குழு அறிக்கை தந்தது. 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எக்காரணங்களுக்காகக் கலைக்கலாம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. யார் செய்யலாம், எங்கே செய்யலாம் என்பதையும் சொன்னது. நம் வீடுகளில் பலருக்கு இந்தப் பிற்பகுதி தெரியாது.

அரசு மருத்துவமனை என்றால் தனி அனுமதி வேண்டுவதில்லை. தனியார் இடமாயின் மாவட்ட அளவிலான குழு ஒன்று அனுமதி அளித்திருக்க வேண்டும். இந்தக் குழு முறை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் 2003ஆம் ஆண்டு விதிகளாலும் வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் தலைமையில் மூவர் முதல் ஐவர் வரை உறுப்பினர். அவருள் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழ் தரவேண்டும்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? விதியில் உள்ளதை நம் அடுக்களை மொழியில் சொல்கிறேன். பன்னிரண்டு வாரத்துக்கு உட்பட்ட கருவாயின், பெண்ணைப் படுக்கவைத்துப் பரிசோதிப்பதற்குரிய மேசை வேண்டும். மூச்சு நின்றால் மீட்கும் கருவி வேண்டும். கருவிகளைக் கிருமியறச் செய்யும் சாதனம் வேண்டும். மருந்துகளும், நரம்பில் ஏற்றும் திரவமும் கைவசம் இருக்க வேண்டும். இரத்தப் போக்கால் உடல் குளிர்ந்து, நாடி விழுந்து, 'ஷாக்' என்னும் நிலைக்குப் பெண் போய்விட்டால் அதைச் சமாளிக்கும் வசதி வேண்டும். அங்கே முடியாவிட்டால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு வேண்டும். பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டாலோ, வயிற்றைத் திறந்து அறுவை செய்யுமளவு மேசையும் கருவிகளும், மயக்க மருந்து கொடுக்கும் சாதனமும் கூடுதலாகத் தேவை.

இவை சட்டம் எழுதியோரின் ஆடம்பரம் என்று எண்ணிவிடாதீர்கள். கருப்பையின் சுவர் கருக்காலத்தில் மிருதுவாகிவிடும். கை பழகாதவர் கருவியைச் செலுத்தினால் அது சுவரைக் கிழித்து உள்ளே போகும், குடலையும் தொடக்கூடும். அறுவைத் தழும்பு உள்ள கருப்பையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அந்த மாமியின் மருமகளுக்கு மூன்று தழும்புகள். அத்தகைய நேரத்தில் மாடியறையில் இருக்கும் அந்த முன்னாள் நர்ஸ் என்ன செய்வாள்? குறுகிய படிக்கட்டில் பெண்ணைத் தூக்கி இறக்கி, ஓர் ஆட்டோவில் ஏற்றி, 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என் பேரைச் சொல்லாதீர்கள்' என்பாள்.

அனுமதி பெற்ற இடத்தில், உள்ளே வருகிற எவரும் எளிதில் காணும்படி சான்றிதழை மாட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி உடன் போனால் போதும், சுவரில் பார்த்துவிடலாம். காணவில்லை என்றால் கேட்கலாம். கேட்டதற்கு முகம் சுளித்தால் திரும்பிவிடலாம். தலைமை மருத்துவ அலுவலர் எப்போது வேண்டுமானாலும் வந்து, இங்கே பாதுகாப்பாகவும் சுத்தமாகவும் காரியம் நடக்கிறதா என்று பார்க்கலாம். பதிவேட்டையும் மருந்தையும் கைப்பற்றலாம். குறை கண்டால் சான்றிதழை நிறுத்திவைக்கவோ இரத்துச் செய்யவோ பரிந்துரைக்கலாம். தகுதியற்றவர் இதைச் செய்தாலும், அனுமதியற்ற இடத்தில் செய்தாலும், அந்த இடத்தின் உரிமையாளருக்குங்கூட, இரண்டு ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. ஒரு விலக்கு: பெண்ணின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்தே தீர வேண்டும் என்று பதிவுபெற்ற மருத்துவர் கருதினால், இடம் பற்றிய கட்டுப்பாடு அவரைத் தடுக்காது.

இப்போது அந்த மாமியின் அச்சத்துக்கு வருகிறேன். "ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றாரே, அது. சகோதரிகளே, இந்தச் சட்டத்தில் இரகசியத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது நானே வியந்தேன். பெண்ணின் பெயர் சேர்க்கைப் பதிவேடு ஒன்றில் மட்டுமே எழுதப்படும். அந்தப் பதிவேடு இரகசிய ஆவணம். மற்றத் தாள்களில் பெயருக்குப் பதிலாக வரிசை எண் இருக்கும். அவள் கையெழுத்திட்ட சம்மதப் படிவமும் மருத்துவரின் கருத்துப் படிவமும் உறையிலிட்டு முத்திரையிடப்பட்டு, மேலே இரகசியம் என்று எழுதி வைக்கப்படும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதித்தவர் அல்லாத எவருக்கேனும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. மாடியறைப் பெண்ணின் வாய்க்கு எந்தச் சட்டம் பூட்டுப் போடும்? அடுத்து வருகிறவளிடம், 'இன்னார் வீட்டு மருமகளுக்கும் நான்தான் செய்தேன்' என்று சொல்லித்தானே அவள் தன் தொழிலை வளர்க்கிறாள்! அந்த இடம் மாமியின் செவிக்கு எட்டியதே அவ்வாறுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணாயின் அவளுடைய எழுத்து மூலமான சம்மதம் ஒன்றே சட்டத்துக்குப் போதும். கணவரின் கையெழுத்தையோ மாமியாரின் ஒப்புதலையோ சட்டம் கேட்கவில்லை. கணவரைக் கலந்துகொள்வது மார்க்க முறையில் வேறு செய்தி. துபாயில் இருப்பவரிடம் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். ஆனால் அவள் சம்மதம் இல்லாமல், அவளுக்காக மற்றவர் முடிவுசெய்து அழைத்துப்போவது சட்டத்தின் முன் குற்றமாகும். அதனால்தான் நல்ல மருத்துவர் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசுகிறார். நம் மாமியார்கள் இதற்குக் கோபித்துக்கொள்வது உண்டு.

பெண் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். சரியான விருப்பந்தான். ஆனால் பெண் என்ற ஒரே தகுதியை வைத்து மாடியறைக்குப் போவதை மார்க்கம் கேட்கவில்லை. தகுதியுள்ள பெண் கிடைக்காதபோது தகுதியுள்ள ஆண் மருத்துவரிடம் தேவையின் அளவுக்குக் காட்டிக்கொள்ள ஃபிக்ஹு நூல்களே இடம் தந்திருக்கின்றன.

உள்ளே என்ன நடக்கவேண்டும் என்பதையும் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கேள்விகள்: கடைசித் தீட்டு எப்போது, முந்திய பேறுகள் எவ்வாறு, இதய நோய், ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒவ்வாதா. பின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் இரத்தப் பிரிவும் பார்ப்பார்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று கையால் பரிசோதிப்பார்கள். ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். கூரிய கருவியால் சுரண்டி எடுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சுரண்டும் முறையில் காயமும் இரத்தப் போக்கும் கூடுதல். கருவிகளை முதலில் குளோரின் கரைசலில் ஊறவைத்து, கழுவி, பின்னர் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பெட்டியில் 121 பாகை வெப்பத்தில், அழுத்தத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒருத்திக்குப் பயன்படுத்தியதை வெந்நீரில் அலசிவிட்டு அடுத்தவளுக்குப் பயன்படுத்துகிற இடத்தில் என்னவெல்லாம் தொற்றும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முடிந்தபின் சில மணி நேரமாவது படுக்கவைத்து நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மறுபடி எப்போது வரவேண்டும், அடுத்த கருவுக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் பேச்சு முன்பே நடந்திருந்தால் அந்த மருமகள் இந்நிலைக்கு வந்திருக்கவே மாட்டாள் என்பது வேறு.

மாடியறையைவிட இன்று பரவலானது மாத்திரை. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மருத்துவமனைக்குள் நடந்தவை நூற்றுக்கு 22 மட்டுமே. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் அம்மாத்திரைகள் நல்ல மருந்துகளே. மருத்துவரின் கண்காணிப்பில், ஒன்பது வாரம் வரை, நம் விதிகள் அவற்றை அனுமதிக்கின்றன. தம் சொந்தக் கிளினிக்கிலேயே அவற்றை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கூட, அவசரத்துக்கு அனுமதி பெற்ற மருத்துவமனை ஒன்றின் துணை தமக்கு உண்டு என்பதற்குச் சான்று மாட்டி வைத்திருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டில்லாமல் மருந்துக் கடையில் விற்பது சட்டத்துக்கு மாறானது.

கடைக்காரர் வாரத்தைக் கேட்பதில்லை. கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று அவரால் பார்க்கவும் முடியாது. குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. மாத்திரை தின்றதால் இரத்தம் போகிறது, காரியம் முடிந்தது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது, உள்ளே குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறையும். ஆகையால் எங்கே, எம்முறையில் நடந்திருந்தாலும் இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரத்திலும் அவ்வாறே நனைந்தால், காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், துர்நாற்றத்தோடு கசிவு இருந்தால், தாங்க முடியாத வயிற்று வலியோ மயக்கமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள். 'கீழே விழுந்துவிட்டாள்' என்று கதை சொன்னால், அந்தக் கதையை ஆராய்வதிலேயே மருத்துவரின் பொன்னான நிமிடங்கள் போய்விடும்.

பெண்ணா ஆணா என்று பார்த்துச் சொல்லும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். பெண் குழந்தையை உயிரோடு புதைத்த ஜாஹிலிய்யாக் கால மக்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் பாடம் நடத்திவிட்டு, ஸ்கேன் அறையில் அதே வேலையைச் செய்பவரிடம் ஓர் உயிரை ஒப்படைப்பதைப் பற்றி நான் மேலும் என்ன எழுத!

சட்டம் இருந்தும் பார்ப்பாரில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு மேல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் கெர்மிட் காஸ்னெல் என்னும் மருத்துவர் பல ஆண்டுகள் கருக்கலைப்பு நிலையம் நடத்திவந்தார். பட்டம் பெற்றவர், பெயர்ப் பலகையோடு நடந்த இடம். ஆனால் பென்சில்வேனியா மாநில அதிகாரிகள் 1993க்குப் பின் அங்கே சோதனைக்கே போகவில்லை. புகார்கள் வந்தும் போகவில்லை. 2010ஆம் ஆண்டில், வேறொரு வழக்கில், போதை தரும் மாத்திரைச் சீட்டுகள் தொடர்பாகக் காவலர் நுழைந்தபோதுதான், அழுக்கும் இரத்தமும் படிந்த அறைகளும், பயிற்சியே இல்லாதவர்கள் மயக்க மருந்து கொடுத்துவந்ததும், பழுதான கருவிகளும் வெளிப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில், பூட்டானிலிருந்து அகதியாய் வந்த பெண் ஒருத்தி அங்கே அளவு மீறிய மயக்க மருந்தால் இறந்துபோயிருந்தாள். 2013இல், உயிருடன் பிறந்த மூன்று சிசுக்களைக் கொன்ற குற்றமும், அப்பெண்ணின் மரணத்துக்குக் காரணமான குற்றமும் அவர்மீது உறுதியாயின. அவரிடம் போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வேறிடம் போக வழியற்றவர்கள்.

அதே ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் நேர் எதிரான வழியில் போயிற்று. இத்தகைய நிலையங்கள் அறுவை மையங்களுக்குரிய கட்டட வசதி பெறவேண்டும், மருத்துவருக்கு 30 மைலுக்குள் உள்ள மருத்துவமனையில் சேர்க்கை உரிமை வேண்டும் என்று சட்டம் செய்தது. பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட அவ்விதிகளால் நிலையங்கள் பாதியாய்க் குறைந்தன. பாதுகாப்பு கூடியதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் அச்சட்டத்தை நீக்கியது. பின்னர் 2022இல் அதே நீதிமன்றம் இவ்வுரிமையின் அடிப்படையையே மாற்றிவிட்டது; இப்போது டெக்சாஸில் ஏறத்தாழ முழுத் தடை. அவர்களுடைய வழக்கு அவர்களோடு. நான் இரண்டையும் சொல்வதற்குக் காரணம், நம் 2003ஆம் ஆண்டு விதிகள் நடுத்தரமானவை என்று எனக்குத் தோன்றுவதுதான். ஒரு சிறு நகரத்து மருத்துவமனையால் நிறைவேற்ற முடியாத எதையும் அவை கேட்கவில்லை. கேட்டதை நிறைவேற்றுகிறார்களா என்று பார்க்கும் கண்தான் குறைவு. மஹல்லாவில் இப்படியொரு மாடியறை இருப்பது ஜமாஅத்தாருக்குத் தெரியாமல் இராது. வட்டிக் கடையைப் பற்றிப் பேசும் மிம்பரில் இதைப் பற்றியும் பேசலாம். மாவட்ட அலுவலருக்கு ஒரு கடிதமும் எழுதலாம்.

அந்த மாமியிடம் அன்றிரவு இவ்வளவும் நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போங்கள், சீட்டை வாங்கிக்கொண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் மஸ்அலா கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். மனமில்லாமல்தான் போனார். ஐந்தாம் நாள் வந்தார்.

"எத்தனை கேள்வி ஆலிமா! அரை மணி நேரம் அவளை உள்ள வச்சுக்கிட்டு, என்னை வெளியில உக்கார வச்சுட்டாங்க. இரத்தம் எடுத்தாங்க. ஏழுக்கும் கீழ இருக்காம். இந்த நிலைமையில யாராச்சும் கை வச்சிருந்தா பிள்ளை தங்கியிருக்க மாட்டான்னு அந்த டாக்டரம்மா என்னைத்தான் ஏசினாங்க. முதல்ல இரத்தம் ஏத்தணுமாம்."

மாமி 'பிள்ளை' என்றது மருமகளை.

அதன்பின் ஹஸ்ரத் என்ன மஸ்அலா சொன்னார், என்ன முடிவாயிற்று என்று நான் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை. சென்ற வியாழக்கிழமை பயானுக்கு மருமகளே வந்திருந்தாள். கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தூணோரமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது படிகளில் நிற்காமல் இறங்கினாள்.